தேறலும் விருந்தும்

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா வட்டாரத்தில், ரேஸ் கோர்ஸ் சாலையில், வாழையிலை விரித்துச் சோறும் ஆட்டிறைச்சி வறுவலும் மீன்தலைக் கறியும் பரிமாறும் உணவகங்கள் பல உள்ளன. தமிழரேயன்றிச் சீனரும் மேனாட்டாரும் அங்கு வந்து உண்கின்றனர். நகரின் பிற பகுதிகளில், நம்மவர் சமையலை ஒவ்வொரு வகையாகப் பரிமாறி, அதனதற்கேற்ற வைனை உடன் வழங்கும் உணவகங்களும் தோன்றியுள்ளன. பினாங்கிலிருந்து வந்த மனோ தேவர் என்னும் சமையற்கலைஞரின் 'தேவர்' உணவகம் 2022-ஆம் ஆண்டு மிச்சலின் வழிகாட்டியில் இரண்டு நட்சத்திரம் பெற்றது. தட்டில் மசாலா இறைச்சி, கையருகே சிவப்பு வைன் என்னும் காட்சி இந்நகரில் இன்று புதுமையன்று.

இக்காட்சியைப் பற்றித் தமிழ் படித்தோரிடையே பேச்செழுந்தால் இரண்டு குரல்கள் கேட்கும். "இதில் வியப்பென்ன? சங்க காலத்திலேயே பாண்டியன் யவனர் கொணர்ந்த மதுவைப் பொற்கிண்ணத்தில் அருந்தினான்" என்பது ஒரு குரல். "கள்ளுண்ணாமை பாடிய வள்ளுவர் மரபில் வந்தவர் இப்படிப் பேசலாமா?" என்பது மற்றொரு குரல். முதற்குரல் ஒரு பாட்டின் மூன்று அடிகளைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. இரண்டாவது ஓர் அதிகாரத்தின் தலைப்பைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. பாட்டை முழுமையாகப் படித்து, அதற்கு இணையான பிற பாட்டுகளோடு வைத்து மதிப்பிடுவதே திறனாய்வின் முறை. அம்முறையில் நோக்கினால் மதுவைப் பற்றிச் சங்கப் புலவர் பாடியவற்றுள் உயர்ந்தது எது, தாழ்ந்தது எது என்பது புலப்படும்.

யவனர் தேறல்

முதற்குரல் காட்டும் சான்று புறநானூற்றின் 56-ஆம் பாட்டு. பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை, மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் பாடியது. சிவன், பலராமன், திருமால், முருகன் ஆகிய நால்வரோடும் மன்னனை ஒப்பிட்டு, அவனால் ஆகாதது ஒன்றில்லை என்று புகழ்ந்து, இரவலர்க்கு அருங்கலங்களைக் குறைவின்றி வழங்குக என்கிறார் புலவர். பின்னர், யவனர் கொண்டுவந்த குளிர்ந்த மணமிக்க தேறலை ஒளிவீசும் வளையணிந்த மகளிர் பொற்கலத்தில் ஏந்தி நாள்தோறும் ஊட்ட, மகிழ்ந்து வாழ்க என்று வாழ்த்துகிறார். ஞாயிறும் திங்களும் போல நிலைபெறுக என்று பாட்டு முடிகிறது.

வரலாற்றாசிரியர்க்கு இப்பாட்டு ஒரு புதையல். கிறித்து பிறந்த முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்புளூசு என்னும் கடல்வழி நூல், முசிறித் துறையில் இறக்குமதியான பொருள்களுள் மதுவையும் குறிக்கிறது; ஆயினும் அதன் அளவு மிகுதியன்று என்றும் சொல்கிறது. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் 1945-இல் நடத்திய அகழாய்வில் ஆம்போரா என்னும் இருகைப்பிடிச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. கேரளத்துப் பட்டணம் என்னும் ஊரில் 2007 முதல் நடந்த அகழாய்விலும் அவை ஆயிரக்கணக்கில் வெளிப்பட்டன. இச்சாடிகளின் உட்புறத்தில் மரப்பிசின் பூசி மதுவை நிரப்புவது மத்தியதரைக் கடல் நாட்டார் வழக்கம். ஆலிவ் எண்ணெயும், மீனை உப்பிலிட்டு ஊறவைத்த கருமம் என்னும் சாறும் இத்தகைய சாடிகளில் வந்தன. மதுவும் உணவுக்குச் சேர்மானமும் ஒரே வணிகத்தின் சரக்குகளாகக் கடல் கடந்தன என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

வரலாற்றுச் சான்று என்ற முறையில் 56-ஆம் பாட்டின் பெருமை இவ்வாறு நிலைபெற்றுவிட்டது. கவிதை என்ற முறையில் அதன் நிலை என்ன? மது அரியது, தொலைநாட்டிலிருந்து வந்தது, கலம் பொன்னாலானது, ஏந்துவோர் அழகியர். இத்தனையும் பாட்டில் உண்டு. இல்லாதவை இரண்டு. உணவு இல்லை; உடனிருந்து உண்பாரும் இல்லை. இரவலர்க்கு ஈகை முன்னே சொல்லப்படுகிறது. அது வேறு செயல். மதுவுண்ணும் இடத்தில் மன்னன் மட்டுமே உண்கிறான், மகளிர் ஊட்டுகின்றனர், புலவர் வாழ்த்துகிறார். புலவர் கையில் கிண்ணம் உண்டா என்று பாட்டு சொல்லவில்லை. செல்வத்தின் ஓவியமாக அது நிற்கிறது. படிப்பவர் வியக்கலாம், நெகிழ்வதற்கு அங்கு இடமில்லை.

ஔவையின் கள்

இனி, அதே நூலின் 235-ஆம் பாட்டை நோக்குக. அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலை அது. அங்கே யவனர் இல்லை, பொற்கலம் இல்லை. இருப்பது உள்ளூர்க் கள். கள் சிறிதளவே கிடைத்தால் அதியமான் அதைத் தான் உண்ணாமல் பாணர்க்கும் புலவர்க்கும் கொடுத்துவிடுவான். மிகுதியாகக் கிடைத்தால், அவர்கள் உண்டு பாட, எஞ்சியதைத் தானும் மகிழ்ந்து உண்பான். ஔவையார் இதனோடு நிறுத்தவில்லை. சோறு சிறிதாயினும் பெரிதாயினும் பலரோடு கலந்தே உண்பான் என்கிறார். இறைச்சி கிடைக்கும் இடமெல்லாம் எமக்குத் தருவான், அம்பும் வேலும் பாயும் இடமெல்லாம் தானே நிற்பான் என்கிறார்.

இந்த வரிசையில்தான் பாட்டின் உயிர் இருக்கிறது. கள், சோறு, இறைச்சி, வேல் என்று நான்கு பொருள்கள். முதல் மூன்றும் வீட்டுமுற்றத்துப் பொருள்கள், நான்காவது போர்க்களத்தது. விருந்தில் பிறர்க்கு முதற்பங்கு கொடுத்தவன் போரில் முதற்பங்கைத் தானே ஏற்றான். ஈகையும் வீரமும் ஒரே குணத்தின் இரு செயல்கள் என்பதை ஔவையார் எந்த விளக்கமும் இன்றி, பொருள்களை அடுக்கிய முறையாலேயே உணர்த்திவிடுகிறார். அவன் மார்பைத் துளைத்த வேல் பாணரின் பாத்திரத்தையும், இரப்போர் கைகளையும், புலவர் நாவையும் துளைத்துச் சென்றது என்று பின்னர் அவர் கூறும்போது அது மிகையாகத் தோன்றுவதில்லை. ஒரே கலத்தில் உண்டவர்க்கு ஒரே புண் உண்டாகும் அன்றோ?

விலைமதிப்பில் நோக்கினால் யவனர் தேறலுக்கு முன் அதியமான் வீட்டுக் கள் எம்மட்டு? கவிதையிலோ கள் வென்றது, தேறல் தோற்றது. வெற்றிக்குக் காரணம், கள்ளோடு சோறும், சோற்றோடு பலரும் இருந்ததே. மதுவைச் சுவைப்பது பற்றித் தமிழில் பேச விரும்புவோர் 56-ஆம் பாட்டைக் காட்டிப் பெருமைப்படுவதைவிட 235-ஆம் பாட்டைக் கற்றுணர்வது நன்று.

நிலமும் சுவையும்

உணவோடு பொருந்திய மதுவைச் சங்க நூல்களில் காண விழைவோர்க்கு ஆற்றுப்படைகளே சிறந்த இடம். நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படையில், எயிற்பட்டினம் செல்லும் பாணர்க்குப் பரதவர் விருந்திடுகின்றனர். நுளையர் மகள் அரித்தெடுத்த முதிர்ந்த தேறலும், உலர்ந்த குழல்மீனைச் சுட்ட சூடும் அவ்விருந்து. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் மனையில் அரிசி மது செய்யும் முறையே சொல்லப்படுகிறது. அரிசியைக் களியாகத் துழாவி ஆற்றி, முளைநெல்லை இடித்துக் கலந்து, இரண்டு பகலும் இரண்டிரவும் விட்டு, சாடியில் முதிரவைத்து, விரலால் அலைத்துப் பிழிவர். இங்கும் உடன் வருவது சுட்ட மீன்தான்.

முடத்தாமக்கண்ணியாரின் பொருநராற்றுப்படையில் கரிகாலன் முதலில் பொருநரின் வழிநடை வருத்தம் தீர மதுவை மீண்டும் மீண்டும் ஊற்றுவிக்கிறான். பின்னர், அறுகம்புல் தின்று கொழுத்த ஆட்டின் வெந்த தொடையும், இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த தசையும் வருகின்றன. சூடு தாங்காமல் வாயின் ஒருபுறத்திலிருந்து மறுபுறத்திற்கு மாற்றி மாற்றித் தின்கின்றனர். இரவும் பகலும் இறைச்சி தின்றதால், புன்செய் உழுத கொழுப்போலப் பற்கள் தேய்ந்தனவாம். பசித்தவன் உண்ட இன்பத்தை இதைவிட நேராகச் சொன்ன புலவர் தமிழில் அரியர். அவர்கள் விடைபெறும்போது சோழன் ஏழடி பின்தொடர்ந்து சென்று அனுப்புகிறான். விருந்து அதுவரை முடியவில்லை என்பது பொருள்.

நிலத்துக்கேற்ற உணவும் உணவுக்கேற்ற மதுவும் இப்பாட்டுகளில் இயல்பாக அமைந்திருக்கின்றன. புலவர் சுவைவிதி எதனையும் வகுக்க முனையவில்லை, கண்டதைப் பாடினர். எனினும் இன்றைய அறிவோடு ஒப்பிட்டால் அப்பொருத்தம் வியப்பூட்டுகிறது. சிவப்பு வைனைத் திராட்சையின் தோலோடும் விதையோடும் புளிக்கவைக்கின்றனர். தோலும் விதையும் அதற்கு நிறத்தோடு துவர்ப்பையும் தருகின்றன. அத்துவர்ப்பு எச்சிலில் உள்ள புரதத்தோடு கலந்து நாவை வறளச் செய்யும். கொழுப்புள்ள இறைச்சியை உடன் உண்டால் வறட்சி தணிந்து இரண்டும் இனிக்கும். கரிகாலன் அளித்த கொழுத்த தசைக்கு ஒப்பான ஆட்டிறைச்சி மிளகு வறுவலுக்குச் சிவப்பு வைன் ஏற்றதாவது இதனாலேயே. மீனுக்கு அது பெரும்பாலும் பொருந்தாது. வைனிலுள்ள இரும்புச்சத்து மீனோடு சேரும்போது கவுச்சி மிகுகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர் 2009-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பரதவரும் வலைஞரும் சுட்ட மீனுக்குத் துணையாகத் தந்தது திராட்சை மதுவன்று; தம் மனையில் வடித்த மதுவே.

சிங்கப்பூரின் புகழ்பெற்ற மீன்தலைக் கறியை இவ்வாறே நோக்கலாம். கேரளத்திலிருந்து வந்த எம். ஜே. கோமஸ் என்பவர் 1949-ஆம் ஆண்டளவில் தம் உணவுக்கடையில் அதைத் தொடங்கினார் என்பர். புளியும் மிளகாயும் நிறைந்த குழம்பு அது. மிளகாய் போர்ச்சுகீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்த பொருள். சங்கத் தமிழர் அறிந்த காரம் மிளகின் காரமே. மதுவின் வெறியமும் துவர்ப்பும் மிளகாயின் எரிவைத் தணிப்பதில்லை, கூட்டவே செய்கின்றன. விலை உயர்ந்த சிவப்பு வைனை மீன்தலைக் கறியோடு அருந்துபவர் இரண்டையும் கெடுத்துக்கொள்கிறார். மேனாட்டுப் பெயர் கண்டு மயங்காமல் நாவைக் கேட்டு முடிவு செய்வதே இங்கும் நல்லது.

இதற்கு வேண்டிய சொல்வளம் தமிழில் உண்டு. அறுசுவையுள் துவர்ப்பு ஒன்று. தமிழர் அதை உணவின் இறுதியில் பாக்கின் வடிவில் சேர்த்துக்கொண்டனர். மேனாட்டார் சிவப்பு வைனின் வடிவில் உணவின் நடுவே வைத்தனர். வேறுபாடு சுவையில் இல்லை, வரிசையில் இருக்கிறது. தேறல் என்பது தேறித் தெளிந்தது. அரியல் என்பது அரித்தெடுத்தது. பிழி என்பது பிழிந்தது. ஒவ்வொன்றும் ஒரு செய்முறையைத் தன்னுள் வைத்திருக்கும் சொல். இவை அனைத்துக்கும் 'கள்' என்ற ஒரே பொருளை எழுதிவிட்டு மேலே செல்லும் உரைக்குறிப்பு, மாணவர்க்கு ஐந்து கதவுகளைச் சாத்திவிடுகிறது.

வள்ளுவர் மறுப்பு

இரண்டாவது குரலுக்கு விடை கூறாமல் இவ்வாராய்ச்சி முடியாது. திருக்குறளில் 93-ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. பொருட்பாலில், வரைவின் மகளிர்க்கும் சூதுக்கும் இடையே அது வைக்கப்பட்டுள்ளது. குடித்தவன் முகத்தைப் பெற்ற தாயும் வெறுப்பாள். பொருள் கொடுத்து அறியாமையை வாங்குவது பேதைமை. மறைந்து குடிப்பவனை உள்ளூரார் கண்டு நகுவர் என்றெல்லாம் வள்ளுவர் கூறுகிறார். இப்பத்துக் குறளிலும் விருந்தினர் இல்லை, சோறும் இல்லை. மறைவில் அமர்ந்து, தன்னை மறக்க, விலை கொடுத்துக் குடிக்கும் ஒருவனே அங்குக் காணப்படுகிறான். கள்ளின் இன்பத்தை அவர் அறியாதவரும் அல்லர். காமத்துப்பாலில் காதலின் இனிமையை அளக்க அவர் எடுக்கும் அளவுகோல்களுள் கள்ளும் ஒன்று.

இதைக் கொண்டு, "விருந்தோடு உண்பதை வள்ளுவர் ஒப்புக்கொண்டார்" என்று வாதிப்பது நேர்மையாகாது. அவர் அத்தகைய விலக்கு எதனையும் அளிக்கவில்லை. உண்ணற்க என்றே விதித்தார். ஔவையாரும் வள்ளுவரும் இங்கு வேறுபடுகின்றனர். இருவரையும் ஒன்றாக்க முயல்வது இருவர்க்கும் செய்யும் பிழை. ஆயினும் அவர்கள் ஓரிடத்தில் நெருங்குகின்றனர். விருந்தினர் வெளியே இருக்கத் தான் மட்டும் உண்பது சாவா மருந்தாயினும் வேண்டற்பாலதன்று என்பது விருந்தோம்பல் அதிகாரத்தில் வள்ளுவர் கருத்து. சிறிதளவு கள்ளைத் தான் உண்ணாது பிறர்க்கு ஈந்த அதியமானின் செயல் அக்கருத்துக்கு எதிரானதன்று. தனித்து உண்பதன் இழிவை இருவருமே அறிந்திருந்தனர்.

தோட்டமும் நகரமும்

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. மலாயாத் தோட்டங்களில் தமிழர் கண்ட கள், ஔவையார் பாடிய கள் அன்று. அது உரிமம் பெற்ற கள்ளுக்கடையில், கூலி வாங்கிய கையோடு, விலைக்கு விற்கப்பட்டது. பகல் முழுதும் பால்மரம் சீவியவன் அங்கே போய் நின்றான்; வீட்டில் அடுப்பெரியாத பெண்டிரும் பசித்த பிள்ளைகளும் இருந்தனர். கூலியாகத் தந்த காசு கள்ளின் விலையாகத் திரும்பிற்று. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் ஆர். எச். நாதன் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதையும் கேட்டனர். சிங்கப்பூரில் 1932-இல் தோன்றிய தமிழர் சீர்திருத்தச் சங்கமும் கள்ளுக்குடிக்கு எதிராகக் குரல் எழுப்பியது. வள்ளுவர் வரைந்த அந்தத் தனியனை அவர்கள் தம் வரிசை வீடுகளிலேயே கண்டவர்கள். அவர்களுடைய வெறுப்பைப் பழமை என்று ஒதுக்க எவர்க்கும் உரிமையில்லை.

அண்மைக் காலத்திலும் இக்கேள்வி எழுந்தது. 2013 திசம்பர் 8-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை இரவு, ரேஸ் கோர்ஸ் சாலையில் பேருந்து மோதி ஒரு தமிழ்நாட்டுத் தொழிலாளி உயிரிழந்தார். அதனைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. 2015-இல் நடைமுறைக்கு வந்த மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம், இரவு 10.30 மணி முதல் காலை 7 மணி வரை பொது இடங்களில் மது அருந்துவதைத் தடுத்தது. லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் தனிக் கட்டுப்பாட்டு வட்டாரங்களாக அறிவிக்கப்பட்டன. குளிரூட்டிய உணவகத்தில் வைனோடு உண்பவரைச் சுவையறிந்தவர் என்பதும், திறந்தவெளிப் புல்தரையில் நண்பரோடு அமர்ந்து, பொட்டலச் சோற்றைப் பிரித்து, ஒரு புட்டியைப் பகிர்ந்துகொண்ட தொழிலாளியைக் குடிகாரன் என்பதும் எளிது. சட்டத்தின் தேவை வேறு. மதிப்பீட்டின் நேர்மை வேறு. 235-ஆம் பாட்டை உள்ளத்தில் வைத்து நோக்கினால், மேசையில் தனித்திருந்து உண்பவரைவிட, புல்தரையில் பகிர்ந்துண்ட அவ்விருவரே சில வேளை அதியமானுக்கு அணுக்கமானவர் ஆகலாம்.

வகுப்பறையில்

சங்கப் பாட்டில் மது வரும் இடங்களை ஆசிரியர் சிலர் விரைந்து கடப்பர். 'இனிய பானம்' என்று பொருள் கூறி மறைப்பாரும் உண்டு. அவர்களது அச்சம் புரிகிறது. வகுப்பில் இருப்போர் இளையர். மது விலக்கப்பட்ட இசுலாமியக் குடும்பத்துப் பிள்ளைகளும் இருப்பர். குடியால் நொந்த வீட்டிலிருந்து வந்த பிள்ளையும் இருக்கக்கூடும். ஆனால் கள்ளை மறைத்தால் ஔவையார் பாட்டின் முதற்படி நீங்கிவிடும். கள்ளில் தொடங்கி வேலில் முடியும் அந்த ஏற்றம் மாணவர்க்குக் கிட்டாது போகும். மறைப்பது குடியைத் தடுப்பதில்லை. பாட்டை மட்டுமே கெடுக்கிறது.

மது இல்லாத விருந்தையும் அந்நூல்களே காட்டுகின்றன. பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் மதுவும் மீனும் தந்தனர். முல்லை நிலத்தார் தினைச்சோறும் பாலும் தந்தனர். அந்தணர் நெற்சோறும், மிளகும் கறிவேப்பிலையும் கலந்து வெண்ணெயில் வெந்த மாதுளங்காயும், மாவடுவும் தந்தனர். அவரவர் மனையில் உள்ளதை அவரவர் கொடுத்தனர். எதுவும் குறைவாகப் பாடப்படவில்லை. மது விருந்தின் இலக்கணம் அன்று, ஒரு நிலத்தின் உணவே என்பதை இப்பகுதியைக் கொண்டு எந்த மாணவர்க்கும் மனம் நோகாமல் விளக்கலாம்.

ஆதலின், 56-ஆம் பாட்டையும் 235-ஆம் பாட்டையும் கள்ளுண்ணாமை அதிகாரத்தையும் அடுத்தடுத்து ஒரே வாரத்தில் கற்பிப்பது நலம். ஒவ்வொன்றிலும் யார் உண்கிறார், உடன் உண்பவர் யார், உணவு என்ன, விலை கொடுத்தவர் யார் என்னும் நான்கு வினாக்களை மாணவரே கேட்டு விடை எழுதட்டும். மன்னன் தனியே அருந்திய அயல்நாட்டுத் தேறலுக்கும், தலைவன் பிறர்க்கு ஈந்த சிறிதளவு கள்ளுக்கும், தோட்டத்துக் கடையில் கூலியைத் தின்ற கள்ளுக்கும் உள்ள வேறுபாட்டை அவர்கள் தாமே காண்பர். பின்னாளில் ரேஸ் கோர்ஸ் சாலையில் இலைமுன் அமரும்போது கிண்ணத்தை ஏற்பதோ மறுப்பதோ அவரவர் விருப்பம். எதிரே இருப்பவர் இலையில் சோறு விழுந்ததா என்று முதலில் பார்க்கும் பழக்கத்தை அப்பாட்டு அவர்களுக்குத் தந்திருக்கும்.